டீக்கனின் காரில் இருந்த ஒயர்

அந்தச் சனிக்கிழமை மதியம் டிராக்டர் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நம் கிறிஸ்தவ சபையில் ஒழுங்கைக் கவனிக்கும் டீக்கனாக இருந்து காலஞ்சென்ற நோவா சென்சனிக்கின் மூத்த மகன் ஃபேரஸ். அவருடைய அக்கா லவினா. ஃபேரஸின் மனைவி மேபல். மேபலின் அண்ணன் மகன் ஐவன் ஸைசெட், வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவன். பக்கத்துப் பண்ணை ஈலம் நோல்ட், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். இவர்களைத் தவிர வேறு எவரும் அங்கே இல்லை. தாமும் இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்களையெல்லாம் சேர்த்தால் கொட்டகையில் டிராக்டருக்கு இடம் இருந்திருக்காது.

நடுவில் டீக்கனின் கார் நின்றது. 1952ஆம் வருடத்து வெஸ்ட்ஓவர், நான்கு கதவு, கறுப்பு. பம்பர், கதவுக் கைப்பிடி, விளக்கைச் சுற்றிய வளையம் என்று பளபளத்த எல்லாவற்றின் மேலும் டீக்கன் அதை வாங்கிய வாரமே தம் கையால் கறுப்பு பெயின்ட் அடித்தார். சபையில் கார் வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். டீக்கன் இரண்டு பூச்சு அடித்தார். ரேடியோ இருக்க வேண்டிய இடத்தை ஒரு தகரத் தகடு மூடியிருந்தது. கார் வைத்துக்கொள்ளலாம், அதில் பகட்டு கூடாது, ரேடியோ கூடவே கூடாது என்பது சபையின் ஒழுங்கு. எவர் காரிலாவது ரேடியோ பாடுவதாகக் காதுக்கு எட்டினால், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய் அவரிடம் பேசுவது டீக்கனின் கடமை. நோவா சென்சனிக் அந்தக் கடமையில் ஒருநாளும் சுணங்கியதில்லை.

அடுத்த சனிக்கிழமை சென்சனிக் குடும்பத்தின் கூட்டம். கனடாவிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அதற்கு அப்பாவின் காரிலேயே போய் இறங்க வேண்டும் என்று ஃபேரஸ் தீர்மானித்திருந்தார். பல வருடமாக ஓடாமல் கிடந்த இன்ஜினை ஐவன் ஏற்கெனவே உயிர்ப்பித்துவிட்டான். பிரேக் விளக்கு மட்டும் எரியவில்லை. அதற்காக அவன் முன் சீட்டில் தலைகீழாகப் படுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்திருந்தான். ஃபேரஸ் டார்ச் பிடித்தார். எழுபத்தாறு வயதாகியும் எதற்காகவும் முதுகை வளைக்காத மனிதர் அவர். நின்ற நிலையிலேயே பிடித்ததால் வெளிச்சம் முழுக்க ஐவனின் பூட்ஸ் மேல் விழுந்தது.

"மாமா, கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா என் கை எங்கே இருக்குன்னு நானும் பார்த்துக்குவேன்."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

"உங்களுக்குத் தெரியுது. வேலை செய்யறவன் நானாச்சே."

சற்று நேரம் உள்ளேயிருந்து முனகல் மட்டும் வந்தது. பிறகு ஐவன் சொன்னான்: "இது என்ன, ஒரு ஒயர் சும்மா தொங்குது? இதுக்கு இங்கே ஒரு வேலையும் இல்லையே."

ஏணியை வைத்துவிட்டு வெகு நேரமாகியும் போகாமல் நின்ற ஈலம், வைக்கோல் தொப்பியைக் கழற்றினார். "எங்கே தொங்குது? அந்தத் தகட்டுக்குப் பின்னாடியா?"

"பக்கத்துல."

"ம்."

ஃபேரஸ் திரும்பினார். "என்ன ம்?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா ம்னேன்."

அது சும்மா சொன்ன ம் அல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஈலமின் அப்பா மாலன் நோல்ட் தம் காரில் ரேடியோ வைத்திருந்தார். டீக்கன் இரண்டு முறை வீடு தேடிப் போய்ப் பேசினார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலன் சபை நடுவே எழுந்து நின்று, தாம் செய்தது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஈலமுக்கு அப்போது ஒன்பது வயது. ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அப்பா பேசி முடிக்கும்வரை தரைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகும் நோல்ட் வீட்டுக்கும் சென்சனிக் வீட்டுக்கும் ஏணி, கன்று, அறுவடை ஆள் எல்லாம் போய் வந்தன. யாரும் யாரையும் ஒரு குறை சொன்னதில்லை. அந்த விஷயத்தைப் பற்றியும் பேசியதில்லை.

"எங்கப்பா வானிலை மட்டுந்தான் கேட்டாரு," என்றார் ஈலம், யாரும் கேட்காமலே.

லவினா கொட்டகை வாசலில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எண்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவள். தலை நிமிராமல் சொன்னாள்: "பேஸ்பால் கேட்டாரு. ஊருக்கே தெரியும்."

"வானிலைக்கு நடுவுல பேஸ்பால் வரும் லவினாக்கா. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?"

"காரை வயலுக்கு நடுவுல நிறுத்திட்டு ஆட்டம் முடியறவரைக்கும் வானிலை கேப்பாரு."

ஐவன் உள்ளேயிருந்து சிரித்தான். ஃபேரஸ் சிரிக்கவில்லை. "ஐவன், அது என்ன ஒயருன்னு பாரு. கம்பெனிக்காரன் விட்டதா இருக்கும்."

ஐவன் அதை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தான். நூல் சுற்றிய மெல்லிய ஒயர். முனையில் கறுப்பு டேப்பை ஒழுங்காகச் சுற்றி, நுனியை உள்ளே மடித்திருந்தது. அப்படி மடித்துச் சுற்றுபவர் ஒருவர்தான் என்று ஃபேரஸுக்குத் தெரியும். வீட்டில் உடைந்த ரம்பக் கைப்பிடி முதல் தோட்டக் குழாய் வரை எல்லாவற்றிலும் அந்தச் சுற்று இன்னும் இருக்கிறது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

"கம்பெனி ஒயர் இல்ல மாமா," என்றான் ஐவன். "காருக்கு இவ்வளவு மெல்லிசா விடமாட்டான். இது யாரோ பின்னால சேர்த்தது. வேண்டாம்னு ஆனதும் கழட்டி, பத்திரமா டேப் சுத்தி, மறைவா உள்ள தள்ளி வச்சிருக்காங்க."

"மறைவா," என்றார் ஈலம்.

"மறைவான்னா அண்ணே, காலு தட்டாம."

"நானும் அதைத்தான் சொன்னேன்."

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய காரில் காரணம் தெரியாத ஒயர் ஒன்று கிடைத்தால், வெளி ஆட்கள் அது ஹாரனா, ஹீட்டரா, சிகரெட் பற்றவைப்பதா என்று யோசிப்பார்கள். நம் ஆட்களுக்கு அது ரேடியோ. வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஐவனும் அப்படித்தான் நினைத்தான். உண்மையைச் சொல்வதானால் ஃபேரஸும் அப்படித்தான் நினைத்தார்.

"ஒயர் எங்கே போகுதுன்னு பாரு," என்றார்.

ஐவன் கதவோரத்துத் தகட்டின் திருகுகளைக் கழற்றினான். ரேடியோ ஏரியலுக்குப் போகும் ஒயர் போல அது மேலே கண்ணாடிப் பக்கம் போகவில்லை. கீழே இறங்கி, கதவோரமாகக் கம்பளத்துக்கு அடியில் பின்னால் ஓடியது. கம்பளத்தை அவன் உரித்துக்கொண்டே போக, கூடவே மூவரின் பார்வையும் போயிற்று. டீக்கன் காலத்து மண், ஒரு கொண்டை ஊசி, மிட்டாய்த் தாள் எல்லாம் கிடைத்தன. ஒயர் பின் சீட்டுக்கு அடியில் நுழைந்து மறைந்தது.

"வசதியானவங்க கார்ல," என்றார் ஈலம் மெதுவாக, "பின்னாடியும் ஒரு ஸ்பீக்கர் வைப்பாங்களாம். பின் சீட்ல இருக்கறவங்களுக்கும் கேக்கணும்னு."

ஃபேரஸ் டார்ச்சை அணைத்தார். பகலில் அது எரிந்துகொண்டிருந்ததே அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

"ஈலம், இங்கே பாரு. அது ரேடியோ ஒயருன்னு தெரிஞ்சா நாளைக்கே நான் சபையில எழுந்து நிக்கிறேன். எங்கப்பா சொன்னது ஒண்ணு செஞ்சது ஒண்ணுன்னு சொல்றேன். மாலன் நோல்ட்டை எழுந்து நிக்க வச்சது அநியாயம்னும் சொல்றேன். பேரைச் சொல்லியே சொல்றேன்."

"நான் அப்படியெல்லாம் கேக்கலண்ணே."

"நீ கேக்கல. நான் சொல்றேன்."

"அண்ணே, செத்துப்போனவரை..."

"செத்துட்டா ஒழுங்கு மாறிடுமா?"

அந்த நேரத்தில் மேபல் புதினா டீயும், வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட 'பை' என்ற பலகாரமும் எடுத்துக்கொண்டு வந்தாள். "யாரு எங்கே நிக்கப் போறது?"

"மாமா சபையில," என்றான் ஐவன்.

"நிக்கறதுக்கு என்ன, அவரு உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. இந்தாங்க, சாப்பிடுங்க."

எல்லோரும் சாப்பிடத் தொடங்கினார்கள். ஐவன் மட்டும் ஒரு வாய் போட்டுக்கொண்டு, சோதனை விளக்கைக் கொண்டு வந்தான். அதன் ஒரு முனையைப் பேட்டரியோடு சேர்த்தான், மறு முனையை அந்த மர்ம ஒயரில் கவ்வ வைத்தான். "அந்தப் பக்கம் இது காரோட இரும்பைத் தொட்டிருந்தா விளக்கு எரியும்," என்றான். எரியவில்லை. "எங்கேயும் தொடல. அறுந்து போயிருக்கணும். சீட்டைக் கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

ஈலமுக்கு உட்கார இடமில்லை. ஆள் கனமானவர், முழங்கால் வலி வேறு. பலகாரத் தட்டோடு கார்ப் பின் சீட்டின் வலது மூலையில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார்.

விளக்கு எரிந்தது.

ஐவன் அதைப் பார்த்தான். ஈலம் கரண்டியை எடுக்கச் சற்று நகர்ந்தார். விளக்கு அணைந்தது. மறுபடி சாய்ந்தார். எரிந்தது.

"ஈலம் அண்ணே, எந்திரிங்க."

"சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"தட்டோட எந்திரிங்க."

எழுந்தார். அணைந்தது.

"உட்காருங்க."

உட்கார்ந்தார். எரிந்தது.

"எந்திரிங்க."

"ஏண்டா, என்னைப் பார்த்தா உனக்கு எப்படி இருக்கு?"

"உங்க தொடையில ஏதோ இருக்குண்ணே," என்றான் ஐவன் மிகுந்த மரியாதையோடு.

ஈலமை இறக்கிவிட்டு, சீட்டுக்கும் பக்கச் சுவருக்கும் இடையே இருந்த மடிப்பில் ஐவன் கைவிட்டுத் துழாவினான். துணியை விலக்கினான். உள்ளே, உட்கார்ந்திருப்பவரின் வலது கை இயல்பாகத் தொங்கும் இடத்தில், ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான் பதித்திருந்தது. வீட்டு வாசலில் வைக்கும் அழைப்பு மணிப் பொத்தான்.

ஃபேரஸ் குனிந்தார். காருக்குள் தலையை நுழைத்து, முழங்கையைச் சீட்டில் ஊன்றி, அதைப் பார்த்தார். மேபல் கவனித்தாள். மற்றவர்கள் கவனிக்காதவர்கள் போல இருந்தார்கள்.

"ரேடியோவை இங்கேருந்து போட்டு நிறுத்தறதுக்கா?" என்றார் ஈலம். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

ஐவன் பொத்தானை அழுத்திப் பார்த்தான். "விரலை எடுத்தா அணைஞ்சிடுது அண்ணே. இப்படி ரேடியோ கேக்கணும்னா நாள் முழுக்க அழுத்திட்டே உட்காரணும்."

"பின்னே எதுக்குடா காருக்குள்ள வாசல் மணி?"

"மணி இல்ல," என்றாள் லவினா. "விளக்கு."

அவள் அவரைக்காய் உரிப்பதை நிறுத்தவில்லை. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"அம்மாவோடது," என்றாள். "எப்பவும் வெளியூர்ப் பிரசங்கியார் யாராவது முன் சீட்ல அப்பா பக்கத்துல உட்காருவாங்க. அம்மா பின்னால அந்த மூலையில. நான் நடுவுல. அப்பாவோட முட்டிக்கிட்ட, அவருக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு சின்ன சிவப்பு விளக்கு இருந்துது. அம்மா அழுத்தினா எரியும்."

"எதுக்கு அழுத்தணும்?" என்றார் ஃபேரஸ்.

"ஒரு தடவைன்னா வேகத்தைக் குறை. ரெண்டு தடவைன்னா பேசினது போதும். மூணு தடவைன்னா சொன்னதை மாத்திச் சொல்லு."

நோவா சென்சனிக் நிதானமாகக் காரோட்டியவர், அளந்து பேசியவர், சொன்ன சொல் தவறென்றால் உடனே திருத்திக்கொண்டவர் என்று மூன்று மாவட்டத்தில் பெயர் எடுத்தவர்.

"அம்மா அப்பாவை..." ஃபேரஸ் தொடங்கினார். அந்த வாக்கியத்தை முடிக்க ஒரு கௌரவமான வழியைத் தேடினார். கிடைக்கவில்லை.

"முதல்ல வாயாலதான் சொன்னாங்க," என்றாள் லவினா. "ஒரு நாள் பிரசங்கியார் ரெண்டு பேரு வண்டியில இருக்கறப்ப, 'நோவா, போதும்'னுட்டாங்க. வீட்டுக்கு வர்றவரைக்கும் அப்பா பேசல. அடுத்த வாரம் அவரே போய்ப் பொத்தான் வாங்கிட்டு வந்து, அவரே மாட்டினாரு. 'ஃபியன்னா, நீ சொல்றது சரியாத்தான் இருக்கு, ஆனா அடுத்தவங்களுக்குக் கேக்குது'ன்னாரு."

"அப்பாவே மாட்டினாரா?"

"பின்னே, அம்மாவா சீட்டுக்கு அடியில படுத்து ஒயர் இழுப்பாங்க?"

ஈலம் தட்டைக் கார்க் கூரையின் மேல் வைத்தார். "மூணு தடவை எப்பவாவது அழுத்தினாங்களா லவினாக்கா?"

"மூணு ரொம்ப அபூர்வம்." அவள் முதல் முறையாகக் கையை நிறுத்தினாள். "உங்கப்பா விஷயத்துல அழுத்தினாங்க."

ஈலம் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஓஹாயோக்காரப் பிரசங்கியார் ஒருத்தரு வந்திருந்தாரு. மாலனை ஒரு வருஷம் திருவிருந்துல சேர்க்கக் கூடாது, அப்பமும் ரசமும் தரக் கூடாது, அப்பத்தான் மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்னாரு. அப்பாவும் ஆமா ஆமான்னு ஏறிக்கிட்டே போனாரு. ஒரு வருஷம் பத்தாதுன்னுகூடச் சொன்னாருன்னு ஞாபகம். நான் அம்மா கையைப் பார்த்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்பா கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தாரு. அப்புறம், 'ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னாப் போதும்னு எனக்குத் தோணுது'ன்னாரு. ஓஹாயோக்காரருக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

இதில் ஃபேரஸுக்கு விழுந்த அடி என்னவென்று மேபலுக்குத்தான் முழுக்கத் தெரியும். ஓஹாயோப் பிரசங்கியார் ஒரு வருடம் கேட்டதும், அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு விட்டதும் குடும்பம் அறிந்த கதை. 'அப்பாவின் இரக்கம்' என்று ஒவ்வொரு குடும்பக் கூட்டத்திலும் அதைச் சொல்பவர் ஃபேரஸ்தான். யார் அந்தக் குற்றவாளி என்று பெயர் சொல்லமாட்டார், ஆனால் சொல்லும்போது நோல்ட் பண்ணை இருக்கும் பக்கம் அவர் முகம் தானாகத் திரும்பும். அடுத்த சனிக்கிழமையும் அதைத்தான் சொல்வதாக இருந்தார்.

"ஏன்க்கா," என்றார், "வருஷா வருஷம் நான் அந்தக் கதையைச் சொல்றப்ப முன் வரிசையில உட்கார்ந்துதானே இருந்தே?"

"இருந்தேன். நல்லாத்தான் சொன்னே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் இருக்கறப்ப எப்படிடா சொல்றது? என் கையில பொத்தானா இருந்துது?"

ஐவன் எதற்கோ காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை.

ஈலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா சாகறவரைக்கும் சொல்வாரு, 'டீக்கன் நெனச்சிருந்தா என்னை நசுக்கியிருக்கலாம், நசுக்கல'ன்னு. ரெண்டு அப்பாவுமே அந்தப் பொத்தானை நம்பித்தான் இருந்திருக்காங்க, ஒருத்தருக்குத் தெரிஞ்சு, ஒருத்தருக்குத் தெரியாம." பிறகு, "அண்ணே, நான் இதை வெளியில சொல்ல மாட்டேன். நாளைக்கு நீங்க ஒண்ணும் எழுந்து நிக்க வேண்டாம். அது ரேடியோ இல்ல, அவ்வளவுதான்."

ஃபேரஸ் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கறுப்பு பம்பர் பக்கம் சற்று நின்றார். அப்பா இனிப் பொய்யர் இல்லை. அது நிச்சயமாயிற்று. ஆனால் இத்தனை வருடம் அப்பாவுடையது என்று தாம் கூட்டம் கூட்டிச் சொன்ன ஒன்று, பின் சீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மாவுடையது. இதை மறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அம்மாவே மறைத்துத்தான் வைத்திருந்தாள். ஆனால் தெரிந்த பின் பழைய கதையைப் பழைய மாதிரியே சொன்னால், சொல்வது ஒன்று செய்வது ஒன்று என்பது அப்பாவை விட்டுத் தமக்கு வந்து சேரும்.

"சொல்லு," என்றார் ஈலமிடம். "கேக்கறவங்ககிட்ட சொல்லு. ஆனா ஒண்ணு. சரியாச் சொல்லணும். அப்பாதான் மாட்டினாரு. அதை விட்டுடாதே."

"விட மாட்டேண்ணே."

"அடுத்த சனிக்கிழமை கூட்டத்துக்கு வா. வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வா."

"அது உங்க குடும்பக் கூட்டமாச்சே."

"நான் உன்னைக் கூப்பிட்டேன்."

லவினா மடியிலிருந்த அவரைக்காய்த் தோலைத் தட்டி எழுந்தாள். "அம்மா போனப்புறம் அப்பாவே விளக்கைக் கழட்டிட்டாரு. அணைஞ்சே கிடக்கறதைப் பார்த்துக்கிட்டு ஓட்ட முடியலன்னாரு. ஒயரை மட்டும் விட்டுட்டாரு."

"ஞாபகமா இருக்கட்டும்னா அத்தை?" என்றான் ஐவன், காருக்கு அடியிலிருந்து.

"இல்லடா. அதை எடுக்கணும்னா பின் சீட்டைக் கழட்டணும். அவருக்கு முதுகுவலி."

மேபல் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டாள். போகும் வழியில் பின் சீட்டின் வலது மூலையில் ஒரு நொடி உட்கார்ந்து பார்த்தாள். கையைத் தொங்கவிட்டாள். "வாகாத்தான் வச்சிருக்காரு மாமனாரு," என்றாள்.

"ஒயரைப் பிடுங்கிடட்டுமா மாமா?" என்று ஐவன் கேட்டான்.

"பிரேக் விளக்கைப் பாரு," என்றார் ஃபேரஸ்.

அடுத்த சனிக்கிழமை அவர் அந்தக் காரிலேயே கூட்டத்துக்குப் போய் இறங்கினார். சாப்பாட்டுக்குப் பின் எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், ஓஹாயோப் பிரசங்கியார் கேட்டது, அப்பா முதலில் சொன்னது, அம்மா மூன்று முறை அழுத்தியது, அப்பா மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை மாலன் நோல்ட் என்று பெயரையும் சொன்னார், ஈலமிடம் முன்பே அனுமதி கேட்டுக்கொண்டு. "இந்தக் கதையை இத்தனை வருஷமா நான் பாதிதான் சொல்லிட்டிருந்தேன்," என்று முடித்து உட்கார்ந்தார். கனடாவிலிருந்து வந்தவர்கள் அழுதார்கள். பெண்கள் பக்கத்தில் சிலர், தங்களுக்கும் தெரிந்த வித்தைதான் என்ற முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈலம் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ரேடியோ என்ற பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பதில் தீவனக் கடையில் வேறொன்று கிளம்பி, இப்போது அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் உலவுகிறது: டீக்கனின் சீட்டுக்குள் ஒயர் ஓடியதாம், அவர் மனைவி பின்னாலிருந்து கரண்ட் ஷாக் கொடுத்துத்தான் அவரை வழிக்குக் கொண்டுவந்தாளாம். இது தவறு. டீக்கனின் சீட்டில் எந்த ஒயரும் இல்லை. அது ஆறு வோல்ட் பேட்டரி, அதில் யாருக்கும் ஷாக் அடிக்காது. முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, அவர் அதைப் பார்த்தார்.